சாவி மாற்றும் இடம்

எனக்கு உட்கார வராது. ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் பஸ்ஸுக்குக்கூட நடந்துகொண்டேதான் காத்திருப்பேன். வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், காட்டையும் கடலையும் ஒட்டிப் போகும் பாதையில் ஆட்களை ஏழு நாள் நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. பதினேழு கோடையாக இதே பிழைப்பு. ஆண்டவன் உனக்குக் காலைக் கொடுத்தான், உட்காருகிற பாகத்தைக் கொடுக்க மறந்துவிட்டான் என்பான் ஆங்கஸ்.

ஆங்கஸும் வழிகாட்டிதான். நான் வடக்கு முனையில் கிளம்பும் அதே காலையில் அவன் தெற்கு முனையில் கிளம்புவான். என் வேன் வடக்கே நிற்கும், அவன் வேன் தெற்கே. நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நடுவழியில் சந்திப்போம். அங்கே எந்தக் காலத்திலோ உடைந்த ஒரு கப்பலின் பாய்லர் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் நிழலில் வேன் சாவிகளை மாற்றிக்கொள்வோம். ஆற்றுத்துறைக் கடையில் அவித்த நண்டு ஒன்றை அவன் ஈரப்பாசியில் பொதிந்து ஒரு பாத்திரத்தில் கொண்டுவருவான். வெண்ணெய் என்னுடையது. அரைமணி நேரம். பிறகு அவன் வடக்கே, நான் தெற்கே. எட்டு வருஷமாக இப்படித்தான்.

போன முறை நண்டுக்காலை உடைத்துக்கொண்டே கேட்டான்.

"வெர்னா, என்னைக் கட்டிக்கிறியா?"

எனக்குப் புரையேறிவிட்டது. முதுகில் நாலு தட்டுத் தட்டிவிட்டு அவனே தொடர்ந்தான்.

"இப்பவே சொல்லணும்னு இல்ல. அடுத்த தடவை இதே இடத்துல சொல்லு. வடக்கே ஒரு மீன்பிடிப் படகுல வேலை இருக்கு, வருஷம் பூரா. உனக்கு இஷ்டம் இல்லைன்னா நான் அதுக்குப் போயிடறேன். அந்த நடை முடிஞ்சு பாதையை விட்டு வெளிய வந்ததும் படகுக்காரனுக்கு போன் போடறதா சொல்லியிருக்கேன்."

"நான் ஒண்ணும் சொல்லலைன்னா?"

"நீ பேசாம இருந்தா அதுதான் பதில்னு எடுத்துக்கிறேன். நீ பேசாம இருந்து நான் பார்த்ததில்லையே."

வாய்க்கொழுப்பு. ஆனாலும் அடுத்த நடைக்கு இடையிலிருந்த மூன்று வாரமும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒருமுறை தாலியறுத்த மாதிரி விவாகரத்து வாங்கி வந்தவள் நான், இனி ஆம்பளை வாசனையே வேண்டாம் என்று இருந்தவள். எவ்வளவு யோசித்தும் பதில் ஒன்றுதான் வந்தது. இந்த முறை கிளம்புவதற்கு முன் என் வீட்டுச் சாவியை வேன் சாவி வளையத்தில் கோத்தேன். சாவி மாறும்போது அதுவும் கூடவே போய்ச் சேரட்டும் என்று.

இந்த முறை என்னோடு வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் பெர்னடெட் என்கிற அம்மாளைத்தான் சொல்லவேண்டும். அறுபத்தெட்டு வயது, முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். ஏணியில் ஏறும்போது பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்காமலே "தள்ளாதே, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்பார். முதுகுப் பையில் ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரிக்காய் வேறு. உதவிக்கு டெஸ் இருந்தாள், மூன்றாவது கோடை, கெட்டிக்காரி, என்னை பாஸ் என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவாள்.

முதல் நாள் எல்லாருக்கும் இரண்டு பாடம் நடத்துவேன். ஒன்று, கடல் வற்றுகிற நேர அட்டவணை. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்போம், அச்சடித்த அட்டவணைக்கு அது தெரியாது. நாம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளவேண்டும். கூட்ட மறந்தால் பாறைமுனையில் கடலுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவது, வழி தப்பினால் நின்ற இடத்தில் உட்காருங்கள். தேடுகிறவன் நடக்கட்டும், தொலைந்தவன் உட்காரட்டும், இரண்டு பேரும் நடந்தால் ஒருத்தரை ஒருத்தர் ஜென்மத்துக்கும் பார்க்கமுடியாது. இதைச் சொல்லும்போதும் நான் நடந்துகொண்டேதான் சொன்னேன் என்று பெர்னடெட் பிறகு சொல்லிக் காட்டினார்.

மூன்று நாளும் அருமை. சேறு முழங்கால் வரை வந்தது, யாரும் அழவில்லை. கம்பியில் தொங்கும் தொட்டியில் ஆற்றைக் கடந்தபோது பெர்னடெட் நடுவில் நிறுத்தச் சொல்லி அங்கேயே வெள்ளரிக்காய் தின்றார். ஒரு சாயங்காலம் திமிங்கிலம் ஒன்று கூடாரத்துக்கு நேரே வந்து மூச்சு விட்டது. நான் வேறு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ், உடம்பு சரியில்லையா?" என்றாள் டெஸ்.

"போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு வடக்கு மிதவை மரத்தடிக்கு வந்துவிட்டோம். கரையொதுங்கிய வலை மிதவைகளை, ஆரஞ்சும் மஞ்சளுமாக, ஒரு தேவதாரு மரத்தில் கொத்துக்கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். அங்கேதான் பாதை இரண்டாகப் பிரியும். கடல் வற்றியிருந்தால் பாறைமுனையைச் சுற்றிக் கரைவழியாக, சுளுவாகப் பாய்லருக்குப் போகலாம். இல்லையென்றால் காட்டுவழி, ஏணியும் சேறும். இரண்டும் தெற்கே இன்னொரு மிதவை மரத்தடியில் சேர்ந்துகொள்ளும்.

ஒரே மூடுபனி. பாறைமுனை கண்ணுக்கே தெரியவில்லை. டெஸ் எழுதிவைத்திருந்த சீட்டை எடுத்தேன். படிக்கிற கண்ணாடி, பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. சீட்டில் கடல் முழுக்க வற்றும் நேரம் பதினொன்று இருபது என்று இருந்தது. ஒரு மணி நேரம் கூட்டினேன், பன்னிரண்டு இருபது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் முனை திறக்கும். ஆக, பத்து இருபது வரை இங்கே காத்திருக்கவேண்டும். ஐம்பது நிமிஷம்!

"காட்டுவழியா போவோம். தெற்கு மரத்தடியில இறங்கினா பாய்லர் பக்கம்தான். பன்னிரண்டுக்குள்ள போயிடலாம்."

"கொஞ்சம் உட்கார்ந்துட்டு கரைவழியாவே போலாமே பாஸ்?"

"உட்காரவா வந்தோம்?"

காட்டுவழியில் புயல் புகுந்திருந்தது. பலகைப் பாலம் இரண்டு இடத்தில் இல்லவே இல்லை. விழுந்த மரங்களுக்கு மேலேயும் கீழேயும் நுழைந்து, ஒருவர் பையை ஒருவர் வாங்கி, தெற்கு மரத்தடிக்கு வந்தபோது மணி ஒன்று. மற்றவர்களை டெஸ்ஸிடம் விட்டுவிட்டு நான் கரையில் ஓடினேன். பெர்னடெட்டும் பின்னாலேயே வந்தார்.

பாய்லர் இருந்தது. ஆங்கஸ் இல்லை. மணலில் ஏழெட்டு ஜோடிக் காலடி வடக்கே போயிருந்தது. பனி விலகி வெயில் அடித்தது. தூரத்தில் பாறைமுனையைக் கடல் மூடிக்கொண்டிருந்தது. என் கணக்குப்படி இந்நேரம் அது காய்ந்து கிடக்கவேண்டும்.

டெஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"என்ன எழுதி வச்சிருக்க? கடல் ஏறுது பாரு!"

அவள் சீட்டின் மூலையைக் காட்டினாள். பொடி எழுத்தில் 'மணி கூட்டியாச்சு' என்று இருந்தது.

"நீங்க மறந்துடுவீங்களோன்னு நானே கூட்டி எழுதினேன் பாஸ்."

நான் மறப்பேனாம்! நான் மறக்கவில்லை. கூட்டினதையே திரும்பக் கூட்டித் தொலைத்திருக்கிறேன். நாங்கள் காட்டில் நாய் படாத பாடு பட்டபோது அவன் கரையில் காத்திருந்து பார்த்துவிட்டு, முனை மூடுவதற்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பேசாமல் இருந்தால் அதுதான் பதில் என்று சொன்னவன். பாய்லரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

"நண்டையும் கொண்டுபோயிட்டானே," என்றார் பெர்னடெட். விஷயமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன். "டெஸ் சொன்னா. எல்லாருக்கும் தெரியும். சாவியில வீட்டுச் சாவி கோத்திருக்கிறது வரைக்கும் தெரியும். உன் பையில ஒரு அவசரக் கருவி இருக்கே, அதை அழுத்தினா என்ன?"

"அழுத்தினா ஹெலிகாப்டர் வரும். கல்யாணத்துக்கெல்லாம் வராது."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நான் இப்பவே காட்டுவழியா திரும்பி ஓடறேன். டெஸ், நீ ஆட்களைப் பார்த்துக்கோ."

பெர்னடெட் என் பைப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை.

"உன் வேன் சாவி உன்கிட்ட இருக்கு. அவனோடது அவன்கிட்ட. வடக்கே போய் அவன் என்ன பண்ணுவான்? சாவிக்காகவாவது திரும்பி வந்துதான் ஆகணும். நீ காட்டுவழியில போற நேரம் அவன் வேற பக்கமா வந்தா? வழி தப்பினா என்ன பண்ணணும்னு முதல் நாள் சொன்னியே, அதைச் சொல்லு பார்ப்போம்."

தெற்கு மரத்தடிக்கு வந்து, மிதவைகளுக்குக் கீழே ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். எந்த வழியாக வந்தாலும் அவன் இங்கேதான் இறங்கவேண்டும். ஒன்றேமுக்கால் ஆனது. இரண்டு ஆனது. டெஸ் சூப் கொடுத்தாள். ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து, நான் எழுந்தால் "உட்காரு" என்று ஒரே குரலில் கத்தினார்கள். சீட்டாடினோம். தோற்றேன். மூன்றரை மணி நேரம் நான் என் வாழ்க்கையில் மொத்தமாக உட்கார்ந்ததைவிட அதிகமாக உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குக் காட்டுவழியில் காலடிச் சத்தம். எழுந்தே விட்டேன். சேறு அப்பின இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள், விடுமுறைக்கு நடக்க வந்த நர்ஸுகளாம்.

"இங்க வெர்னாங்கறது யாரு?"

"நான்தான்!"

"வடக்கு மரத்தடியில ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். சிவப்புத் தொப்பி. மடியில ஒரு பாத்திரம், அதை யாரையும் தொட விடமாட்டேங்கறார். ஒரு சேதி சொல்லச் சொன்னார்."

"என்ன சேதி?"

அந்தப் பெண் மனப்பாடம் ஒப்பிப்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். "'தொலைஞ்சவங்க உட்காரணும்னு சட்டம். அவளுக்கு உட்கார வராது. அதனால நான் உட்கார்ந்துட்டேன். வரச் சொல்லுங்க. ராத்திரியானாலும் இங்கயேதான் இருப்பேன்.'"

பெர்னடெட் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி! நான் கெட்டேன் போ. இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தன், ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டீங்களே! என்னைப் பார்க்காதே, ஓடு!"

ஓடினேன். தண்ணீர்ப் புட்டியும் சாவியும் வெண்ணெய்ப் பொட்டலமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். காலையில் மூன்றரை மணி நேரம் எடுத்த வழியை இரண்டரை மணியில் தாண்டினேன். ஏணிகளில் எண்ணிக்கையே வைக்கவில்லை. ஒரு இடத்தில் இடுப்பு வரை சேற்றில் போனேன், ஒரு பூட்ஸைக் கையால் தோண்டி எடுத்தேன். வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து பாசியெல்லாம் பொன்னாகக் கிடந்தது. எனக்கு வாய்விட்டுப் பாடவேண்டும்போல் இருந்தது. பாடினேன், கரடிக்கும் அது நல்லதுதான்.

மிதவை மரத்தடியில் சிவப்புத் தொப்பி தெரிந்தது, அவனுடைய ஆட்கள் தள்ளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

"கரைவழியா, காட்டுவழியா?" என்றான்.

"உனக்குக் கண்ணு இல்லையா? என்னைப் பார்த்தா கரைவழியா வந்தவ மாதிரியா இருக்கு?"

"மத்தியானம் என்ன ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டெஸ் மேல் போடலாம். மூடுபனி மேல் போடலாம்.

"மணியைக் கூட்டினேன். ஏற்கெனவே கூட்டியிருந்ததைத் திரும்பக் கூட்டிட்டேன்."

அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பதினேழு வருஷமாக இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பாடம் எடுக்காத ஆள் இந்தக் கரையில் இல்லை. அவனுக்கே எடுத்திருக்கிறேன். சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்போகிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சாகும்வரை என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

"நான் வரலைன்னா அதுதான் பதில்னு எடுத்துக்கிறேன்னு சொன்னியே. எடுத்துக்க வேண்டியதுதானே?"

"எடுத்துக்கிட்டேன். முனையைத் தாண்டி இங்க வரைக்கும் நடந்தேன். அதுக்கு மேல கால் போகல," என்றான். "ஆறு பேரு நண்டு கேட்டாங்க. குடுக்கல."

சாவி வளையத்தை அவன் கையில் வைத்தேன். இரண்டு சாவிகளையும் விரலால் பிரித்துப் பார்த்தான்.

"இது வேனோடது. இது?"

"என் வீட்டோடது. பூட்டு பழசு. கதவைக் கொஞ்சம் மேல தூக்கிட்டுத் திருப்பணும்."

வளையத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான். பிறகு தன் வளையத்தை எடுத்து நீட்டினான். அதில் வேன் சாவி ஒன்றுதான் இருந்தது.

"உன் ரூம் சாவி எங்கே?"

"காலி பண்ணிட்டேன். கிளம்பறதுக்கு முந்தின நாளே."

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா எங்கடா படுத்திருப்ப?"

"வேன்லதான்," என்றான். அப்புறம் யோசித்துவிட்டு, "அந்தச் சாவியும் உன்கிட்டதானே இருந்திருக்கும்," என்றான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெண்ணெயைப் பிரித்தேன்.