பொத்தானில் வைத்த சந்தனம்

இப்போது இருக்கிறவர்கள் எதிரில் நிற்கிற ஆளை நம்புவதில்லை. குருபரப்பள்ளி ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, மத்தூருக்கு எப்படிப் போகணும்?" என்கிறான். சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, முன்னால் ஒட்டிவைத்திருக்கிற சின்னப் பெட்டியைப் பார்க்கிறான். அது என்ன சொன்னதோ, வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறான். பிறகு என்னை எதற்குக் கேட்டான்?

என் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. காரில் வைக்கிற பெட்டி இல்லை, விமானத்தில் வைக்கிறது. அந்த விமானமும் நிஜ விமானம் இல்லை.

நாங்கள் இருப்பது ஓசூரில். என் மகன் வெங்கட் இங்கே ஒரு கம்பெனி டூல் ரூமில் காண்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவான். அதில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் பெட்டி திரையில் படமாகத்தான் இருக்கும், மவுஸால் அழுத்த வேண்டும். இவன் அதைக் கையால் தொட்டு அழுத்துகிற மாதிரி செய்தான். அலுமினியத் தகட்டை வெட்டி, பதினோரு பொத்தான், ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு திருகு, பின்னால் ஒரு குட்டித் திரை. ஒன்பது மாதம் அதற்கே போயிற்று.

விளையாட்டுச் சாமான் என்றுதான் விட்டிருந்தேன். ஆனால் இந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், கம்பெனிகளில் ஆர்டர் இல்லை. தீபாவளியோடு காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். மருமகள் மோகனப்ரியாவுக்கு ஏழாவது மாதம். அந்த நேரத்தில் பெங்களூரில் விமானம் ஓட்டிப் பழக ஒரு சென்டர் வைத்திருக்கிற திம்மப்பன், விஜயதசமி காலையில் பெட்டியைப் பார்க்க வருகிறேன் என்றார். பிடித்துவிட்டால் அவர் சென்டருக்கு வேண்டிய பெட்டிகளைச் செய்கிற வேலை வெங்கட்டுக்கு. இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

பத்து நாளாக வீட்டில் அதே ஒத்திகைதான். வெங்கட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியதை மருமகள் கேட்பாள், அவன் செய்துகொண்டே பதில் சொல்வான்.

"முதல்ல?"

"போற ஊரைப் போடணும். அம்புக்குறி பொத்தான். அப்புறம் என்ட்டர் ரெண்டு தடவை. ஒரு தடவையோட விட்டா ஏத்துக்காது."

"ரெண்டாவது?"

"ரோஸ் கலர்ல கோடு வந்துச்சான்னு பாக்கணும்."

"மூணாவது?"

"அதைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க. கோடு வந்துட்டா மட்டும் விமானம் அதுமேல போகாது. கீழே கடைசி பொத்தானை அமுக்கி ஜிபிஎஸ்னு மாத்தணும். மாத்தலேன்னா மூக்கு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கமே போய்ட்டிருக்கும்."

"நாலாவது?"

"பெட்டியையே நம்பிக்கிட்டு இருக்காம திசை காட்டுற முள்ளையும் பாக்கணும்."

"அதையும் பாக்கணும்னா இந்தப் பெட்டி என்னாத்துக்குடா?" என்றேன்.

மோகனப்ரியா சிரித்தாள். அவள் அருப்புக்கோட்டைப் பக்கம். "உங்க பேச்சையும் கேட்டுக்கிட்டு அவுக பேச்சையும் கேட்டுக்கிட்டு நான் இந்த வீட்ல இருக்கேன்ல மாமா, அது மாதிரித்தான்."

வெங்கட் அதில் பெங்களூர் என்று ஒரு ஏர்போர்ட்டைக் காட்டினான். பழைய ஏர்போர்ட். புது ஏர்போர்ட் திறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, ஊருக்கே தெரியும், பெட்டிக்குத் தெரியவில்லை. கேட்டால், "அது பழைய மேப்புப்பா" என்றான். அப்போதே எனக்கு அதன்மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. நான் முப்பது வருஷம் கம்பெனியில் ஹெல்பர். படித்தது மூன்றாவது. ஆனால் பூஜையன்று எல்லா லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான், மேனேஜர் இல்லை. வெங்கட் கம்பெனி பூஜைக்குக் கிளம்பும்போது, "அப்பா, பெட்டிக்கு மேல ஒரே ஒரு பொட்டு போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சரி என்றேன்.

வைக்கும்போது மனசு கேட்கவில்லை. லாரிக்கு வைத்தால் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் வைக்கிறோம். பெட்டியில் கை படுகிற இடம் பொத்தான்தானே? சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, பதினோரு பொத்தானுக்கும் வைத்தேன். திருகுக்கும் வைத்தேன். மேலே மஞ்சள் துணி போட்டு மூடினேன். வெங்கட் பொரிப் பொட்டலத்தோடு வந்தபோது துணியைத்தான் பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன், "ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துக்கிறேன்பா" என்றான்.

"எமகண்டம்டா. ஏழரை ஆகட்டும். மறுபூஜை பண்ணாம ஆயுதத்து மேல கை வைக்கக் கூடாது."

"அஞ்சு நிமிசம்பா."

"ஒன்பது மாசம் ஓட்டினியே, இந்த அஞ்சு நிமிசத்துல என்னா கெட்டுப்போவுது?"

நான் சொன்னதுதான். அதை மறைக்கவில்லை.

திம்மப்பன் ஏழே காலுக்கே வந்து நின்றார். கிருஷ்ணகிரியில் மாமனார் வீட்டு விருந்தாம், சீக்கிரம் போக வேண்டுமாம். காபி குடித்தார். ஏழரைக்குக் கற்பூரம் காட்டித் துணியை எடுத்தேன். வெங்கட் பொத்தான்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஈரத்துணியால் துடைத்தான். மேலே இருந்த சந்தனம் போயிற்று.

"பரவால்லப்பா, பூஜையெல்லாம் ஜோரா ஆயிருக்கு" என்றார் திம்மப்பன். "நட, சேலத்துக்குப் போலாம்."

விமானம் பெங்களூரில் மேற்கே பார்த்து ஏறியது. வெங்கட் அம்புக்குறியை அழுத்தினான், சேலத்தைப் போட்டான், என்ட்டரை இரண்டு தடவை அழுத்தினான். ரோஸ் கோடு தெற்கே இறங்கி வந்தது. திம்மப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

வெங்கட் கடைசி பொத்தானை அழுத்தினான். விமானம் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினான். கட்டை விரலால் அமுக்கினான், நகம் வெளுத்தது. கோடு தெற்கே கிடந்தது, விமானம் பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏனப்பா, மைசூர் தசராவுக்குக் கூட்டிட்டுப் போறயா? யானை கிளம்பியிருக்கும், வேகமா ஓட்டு" என்று சிரித்தார்.

நான் பின்னாலிருந்து பொத்தானைப் பார்த்தேன். சுற்றிலும் இருக்கிற இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு காய்ந்திருந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன ஆகும்? சொன்னால் விமானம் திரும்புமா?

"மவுஸ்ல மாத்திருங்க" என்றாள் மோகனப்ரியா மெதுவாக.

"மவுஸ்ல மாத்துறதுக்கு எங்கிட்டயே பத்து பேரு இருக்காங்கம்மா. பொட்டி வேலை செய்யுதான்னு பாக்கத்தானே இவ்ளோ தூரம் வந்தேன்."

"ஐயா, பூஜையில கொஞ்சம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க உக்காருங்க பெரியவரே" என்றார். உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? அலுமினியம் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. அவர் கையைப் பிடித்து நிறுத்த நான் யார்?

அவர் எழுந்தார். "தீபாவளி கழியட்டும்ப்பா. போன் பண்றேன்."

"என் நம்பர் இருக்குதுங்களா சார்?"

"இருக்கும், இருக்கும்."

கார் சத்தம் போன பிறகு மோகனப்ரியா ஹேர்பின்னை எடுத்துப் பொத்தான் ஓரத்தில் விட்டு நோண்டினாள். நகத்தில் பாதி அளவு சந்தனக் கட்டி வந்து விழுந்தது. வெங்கட் அழுத்தினான். டக்கென்று உள்ளே போய் வந்தது. அதுவரை மேற்கேயே போய்க்கொண்டிருந்த விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்பத் தொடங்கியது.

"திட்டுறதுன்னா திட்டுடா" என்றேன்.

அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான். விமானம் பெங்களூரில் ஏறியது, கடைசி பொத்தானை அழுத்தியதும் திரும்பிக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பாருப்பா, கெலமங்கலத்துக்குப் பக்கத்துல போவுது. கோட்டை விட்டு ஒரு இம்மி நகரல. பொட்டி சரியாத்தான் இருந்துச்சு" என்றான். யாருக்கோ சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. திம்மப்பன் அதற்குள் சூளகிரி தாண்டியிருப்பார்.

குனிந்து பார்த்தேன். பச்சையும் பழுப்புமாகத் தெரிந்தது. கெலமங்கலத்துச் சந்தை இல்லை, ஏரி இல்லை, ஒரு ஆள் இல்லை.

"இது கெலமங்கலம்னு யாருடா சொன்னது?"

"பொட்டி சொல்லுதுப்பா."

"அதான்" என்றேன்.

எவ்வளவு பெரிய லேத்துக்கெல்லாம் இதே கையால் சந்தனம் வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் ஒன்றும் நின்றதில்லை. ஒரு துளி சந்தனம் தாங்காத சாமானை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் வழி கண்டுபிடிப்பார்களாம். அந்தக் கட்டி மேஜைமேல் கிடந்தது. எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். உள்ளே அந்த விமானச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.