வெர்னாவின் இரண்டாவது மனு

தன் வக்கீல் மீது வெர்னா ஹாஸ்கின்ஸுக்குக் கோபமெல்லாம் இல்லை. கோபப்படும் அளவுக்கு அந்த ஆளிடம் சரக்கு கிடையாது என்பது அவள் தீர்மானம். அரசு நியமித்த அந்த ட்ரென்ட் பீசன், பத்தொன்பது மாதங்களில் இரண்டே முறைதான் சிறைக்கு வந்தான். இரண்டு முறையும் அவளை வெரோனிக்கா என்றே கூப்பிட்டான்.

முன்னாள் கணவனின் படகுக் கொட்டகையைக் கொளுத்தினாள் என்று வழக்கு. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். ஜாமீனுக்கு வழியில்லை. விசாரணையோ ஏழு தடவை தள்ளிப்போயிருந்தது.

வக்கீலை நம்பிப் பயனில்லை என்று அவளே மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனு எழுதினாள். விசாரிக்காமலே என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள், ஒன்று விசாரியுங்கள், இல்லை விடுங்கள் என்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: முதலில் மாநில நீதிமன்றத்துக்குப் போங்கள்.

போனாள். நான்கே நாளில் மனு திரும்பி வந்தது. உங்களுக்கு வக்கீல் இருக்கிறார், அவர் வழியாகத்தான் மனு தரவேண்டும் என்று குறிப்பு.

அதே அறையில் இருந்த டமீக்கா சிரித்துவிட்டாள். "இருக்காராமே மிஸ் வெர்னா! எங்க, உங்க கட்டிலுக்கு அடியிலயா?"

"அங்க இருந்தா எலியாவது பார்த்திருக்கும்."

பீசனின் அலுவலகத்துக்குப் பதினோரு முறை போன் செய்தாள். செய்த தேதிகளையெல்லாம் வரிசையாக எழுதி, திரும்பி வந்த மனுவோடு இணைத்து, மறுபடியும் ஃபெடரல் கோர்ட்டுக்கே அனுப்பினாள். இந்த முறை நீதிபதி, இருபத்தொரு நாளில் பதில் சொல்லுங்கள் என்று அவளை அடைத்து வைத்திருந்த கவுண்டி நிர்வாகத்துக்கு உத்தரவு போட்டார்.

பதினான்காம் நாள் பீசன் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதி மேடம். குத்தத்தை ஒத்துக்கிட்டா இன்னைக்கே வெளிய போயிடலாம். இருந்த நாளே தண்டனைன்னு கழிச்சுடுவாங்க."

"எரிச்சதுக்கு அத்தாட்சி வச்சிருக்காங்களா?"

"அது வந்து... ஃபைலைப் பார்க்கணும்."

"ஒண்ணரை வருஷமா பார்க்கலையா? அந்த ஃபைல் மீன் கடையில இருந்தா இந்நேரம் அதுல மீனாவது கட்டிக் குடுத்திருப்பாங்க."

"வெரோனிக்கா, நீங்க யோசிச்சு..."

"கிளம்புங்க சார்."

அன்றிரவு போர்வைக்குள் அழுதாள். குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அக்கா வீட்டில் படுத்திருக்கலாம். ஆனாலும் போடாததற்கு அவள் வருந்தவில்லை.

பத்தொன்பதாம் நாள் அரசுத் தரப்பு ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் வழக்கைக் கைவிட்டது. ஒரு நீதிபதி முன்னால் நின்று பதில் சொல்வதைவிட அவளைத் தொலைத்துத் தலைமுழுகுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

வெளியே வந்து பார்த்தால், பள்ளிக்கூட வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வாடகை வீட்டில் வேறு குடும்பம். அக்காவின் வீட்டில் இருந்தபோது ஃபெடரல் கோர்ட்டின் கடிதம் வந்தது. மனுதாரர் இப்போது காவலில் இல்லை, ஆகவே தீர்மானிக்க ஒன்றுமில்லை, மனு தள்ளுபடி.

அடுத்த நாள் பீசன் போன் செய்தான். "கங்கிராஜுலேஷன்ஸ்! நாம ஜெயிச்சுட்டோம்!"

"நாமளா? நீங்க எந்தப் பக்கம் நின்னீங்கன்னே எனக்குத் தெரியலையே."

"மேடம், எங்க ஆபீசுக்கு ரெண்டு வரி பாராட்டி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"எழுதறேன். பேர எப்படி எழுதணும்?"

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா போனை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த முட்டையைத் திருப்பிப்போடப் போனாள்.