சமையலறை வரை கேட்கும் மைக்

அஸ்தம்பட்டி ஸ்டுடியோ மூடப்பட்ட பிறகு மைதிலி தன் வீட்டிலேயே ஓர் அறையைப் பாட்டுப் பதிவுக்கு ஒழித்துவைத்தாள். மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஸ்பீக்கர் எல்லாம் வந்து இறங்கின. எதை எதில் மாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அபிநயாவைக் கூப்பிட்டாள்.

அந்த ஸ்டுடியோவில் ஆறு வருடம் மைதிலி பாட, அபிநயா பதிவு செய்தாள். பாதிப் பாட்டுகளுக்கு மெட்டும் அபிநயாவுடையதுதான். கூப்பிட்டதும் தன் ஊரான அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மைதிலியின் ஊரான திருச்செங்கோடு வரை ஸ்கூட்டரிலேயே வந்தாள். மைதிலியின் வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.

இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் இணைத்தாள். ஸ்பீக்கர் கேபிள்கள் இரண்டையும் அதன் பின்பக்கம் செருகினாள். மைக்குக்கு மூன்று முனைக் கேபிள். அது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கன்டென்சர் மைக் என்பதால் அதற்கு மின்சாரம் தரும் பொத்தானையும் அழுத்தினாள். மைதிலி காபி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தாள். அறையின் இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க, ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினாள் அபிநயா.

மின்விசிறி கேட்டது. குக்கர் கேட்டது. பிறகு மைதிலியின் மாமியார் சௌந்திரத்தின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

"டவுனுல யாருகூட வேணா பாடிக்க. ஊட்டுக்குள்ள அந்தப் புள்ளய வாராவாரம் கூட்டியாந்தா ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் என்ன பேசுவாங்க? அவிய எந்தத் தெருன்னு உனக்குத் தெரியாததா?"

மைதிலி ஏதாவது சொல்வாள் என்று அபிநயா காத்திருந்தாள். சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க அத்தை. மாட்டறதப் பாத்துக்கிட்டா அப்பறம் நானே பண்ணிக்குவேன்."

அபிநயா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. மைதிலி காபியோடு வந்ததும் ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுக் காட்டினாள். குரல் எகிறினால் குமிழை எவ்வளவு குறைப்பது, பதிவின்போது ஸ்பீக்கரை ஏன் அணைப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். மைதிலி நோட்டில் எழுதிக்கொண்டாள். காபி ஆறிப்போனது.

"இன்னும் ஒண்ணு எழுதிக்கோ," என்றாள் அபிநயா. "மைக் ஆன்ல இருந்தா சமையக்கட்டுல பேசறதுகூட விழும். பாடும்போது கதவச் சாத்திக்கோ."

பேனா நின்றது.

"அபி, அத்தை பழைய காலத்து மனுசி. அவுங்க பேசறத..."

"அவங்க பேசினத நான் எத்தனையோ வீட்டுல கேட்டிருக்கேன். நீ பேசினதத்தான் இன்னைக்குக் கேட்டேன்."

அபிநயா கிளம்பியபோது மைதிலி வாசல்வரை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அபிநயா ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மைதிலியின் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

"அபி, இடது ஸ்பீக்கர்ல சத்தமே வரமாட்டேங்குது."

பின்பக்கத்துக் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்காது, உருவிவிட்டு மறுபடி அழுத்திச் செருகு என்றாள் அபிநயா. மறுமுனையில் பாட்டு ஒலித்தது. அபிநயாவின் மெட்டு.

"வந்திருச்சு," என்று சொல்லி மைதிலி போனை வைத்தாள்.

ஏன் சொல்லிக்கொடுத்தோம் என்று அபிநயாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.