வாசல்படிக்கு வந்த கார்

முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கார் மரக்கட்டைகளின் மேல் முட்டுக்காலில் நின்றது. கைரியா பக்கத்தில் சுளகை ஏந்திக் குந்தியிருந்தாள். சுளகில் அரிசிக்குப் பதிலாக நட்டுகளும் போல்ட்டுகளும் கிடந்தன. காருக்கு அடியிலிருந்து அவள் புருஷன் பளீலின் கை மட்டும் வெளியே நீண்டது.

"பெரிசு ஒண்டு தா புள்ள."

அவள் எடுத்துக் கொடுப்பதற்குள் மலையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி பாதையோரம் நின்றது. டிரைவர் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ராத்தா, உம்மா விடிய சுபஹோட மவுத்தாகிட்டாங்க. பகல் லுஹர் தொழுதுட்டு எடுக்கப் போறாங்களாம். ஒங்கட முஹைதீன் நானா செல்லி அனுப்பினார்."

காருக்கு அடியிலிருந்து "இன்னாலில்லாஹி" என்று குரல் வந்தது. கைரியாவுக்குச் சுளகைக் கீழே போட்டுவிட்டு அழத்தான் தோன்றியது. ஆனால் போட்டால் நட்டெல்லாம் புழுதியில் சிதறும், பிறகு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதனால் சுளகை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, முக்காட்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

அந்தக் கார் உம்மாவுக்காகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. வருகிற கிழமை உம்மாவைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கைரியாவைப் பெற்ற உம்மு குல்சும் பிறந்தது புத்தளத்தில். கல்யாணம் கட்டி ஹுன்னஸ்கிரியவுக்கு மலையேறி வந்தவர், திரும்பிப் போகவேயில்லை. புருஷன் கடை வைத்திருந்தபோது கடையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. புருஷன் போன பிறகு பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றியது. அவர் தங்கை றமீஸா மட்டும் வருடாவருடம் அங்கிருந்து காய்ந்த மீன் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பளீலுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இரும்புக்கடை. கடையில் இருந்த நேரத்தைவிடக் காருக்கு அடியில் கிடந்த நேரம்தான் அதிகம் என்று பாலத்தடியில் எல்லோரும் சொல்வார்கள். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை கழித்துப் போட்ட கார் அது. கொட்டிலில் கிடந்தபோது கோழிகள் அதில் அடைகாத்தன. பளீல் அதை வாங்கி, மாடு கட்டி இழுத்து வந்த நாளிலிருந்து ஊரில் அதற்குப் பெயர் கோழிக்கூடு. புத்தளப் பாதையில் கலகெதர இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று புதுப் பட்டி போட்டான். குருநாகலுக்கு அப்பால் தண்ணீர் கிடைக்காது என்று படிப்பலகையில் தண்ணீர்த் தகரத்தைக் கட்டினான். ஒவ்வொன்றுக்கும் கைரியா சுளகோடு பக்கத்தில் இருந்தாள். பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தக் காரின் எலும்பெல்லாம் பழகிவிட்டது.

உம்மாதான் மசியவில்லை. பளீல் போய்க் கேட்டபோது வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கோழி முட்ட போட்ட சீட்டுல என்னக் குந்தச் செல்றியா? ரோட்டுல நிக்கிற வண்டிக்கு நான் இறங்கி வரமாட்டேன். என்ட வாசல்படிக்கு வரட்டும், ஏறுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாதையிலிருந்து அவர் வீட்டுக்குப் போவது ஓர் ஒற்றையடி வழி. குறுக்கே மழைத்தண்ணீர் ஓடும் கான், கானுக்கு மேல் ஒரு பலகை, பலகை தாண்டினால் இரண்டு மரத்தூணுக்கு நடுவே ஒரு சின்னப் படலை. தலையில் சுமை வைத்தவன் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். வரமாட்டேன் என்பதை உம்மா இப்படிச் சொல்கிறார் என்று கைரியாவுக்குப் புரிந்தது. பளீலுக்குப் புரியவில்லை. அவன் அதை நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டு, "சரி மாமி, வாசல்படிக்கே கொண்டு வாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

இப்போது அவன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் கிரீஸ். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"காலம பஸ் போயிட்டு. அடுத்த பஸ்ஸுல போனா பின்னேரம் அஸருக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள் கைரியா.

"அதுக்குள்ள எடுத்துடுவாங்க."

"மய்யித்த வெச்சிட்டுப் பாத்துக்கொண்டு ஈக்கமாட்டாங்க. ஈக்கவும் கூடாது." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுளகைத் தூக்கினாள். "சக்கரத்தப் பூட்டுங்க."

"அவசரமாப் பூட்டி முடிச்சிட்டா—"

"அவசரமா வேணாம். ஒழுங்காப் பூட்டுங்க. இல்லாட்டி தெல்தெனியா போகக்குள்ள சக்கரம் நம்மளுக்கு முன்னால போகும். இடப்பக்கம் நான் பூட்டுறேன்."

பளீல் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு பெரிய ஸ்பானரை அவள் கையில் கொடுத்தான். அழுதுகொண்டேதான் பூட்டினாள். ஆனால் ஒவ்வொரு நட்டையும் கடைசிப் பிடி வரை முறுக்கினாள். ஹேண்டிலைச் சுழற்றியதும் எஞ்சின் இரண்டு முறை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பாலத்தடிக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். செய்தி தெரிந்ததால் அன்றைக்கு யாரும் கோழிக்கூடு என்று சொல்லவில்லை.

தெல்தெனியா வரை கார் ஒழுங்காகவே ஓடியது. கைரியா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தாள். அதற்கப்பால் ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது வளைவில் எஞ்சின் இருமியது, நடுங்கியது, நின்றுவிட்டது. பளீல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டான். புதுப் பட்டி போட்டது அங்கே உதவியது.

"என்னவாம்?"

"பெற்றோல் டேங்க் சீட்டுக்கு அடியில ஈக்கிது. எஞ்சினுக்குத் தானா வழிஞ்சி போகணும். மூக்கு இப்பிடி மேல தூக்கினா எப்பிடிப் போகும்?"

"அப்ப?"

பளீல் கழுத்தைச் சொறிந்தான். சொல்ல வெட்கப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"துரையிட டிரைவர்மார் ஒரு வேல செய்வாங்க. திருப்பிட்டு ரிவர்ஸுல ஏறுவாங்க. அப்ப டேங்க் மேல, எஞ்சின் கீழ. ஆனா பின்னால பாத்துப் பாத்து ஓட்டணும். ஒரு பக்கம் பள்ளம். எனக்குக் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாது."

கைரியா மேலே பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் உம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்குள் மண் போட்டுவிடுவார்களே. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எப்படித் தலைகாட்டுவது?

"திருப்புங்க. நான் பாத்துச் செல்றேன்."

பின்சீட்டில் முழந்தாளிட்டு, மடித்த கூரையைப் பிடித்துக்கொண்டு, அவள் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். கார் பின்பக்கமாக ஏறத் தொடங்கியது. பளீல் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். அவள் மேலே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வலம்... இன்னும் கொஞ்சம்... போதும். நேரா. மாடு வருது, ஹோர்ன் அடிங்க. இடம், இடம், இடம்! அல்லாவே, பள்ளம் அந்தப் பக்கம்! ஆ, இப்ப சரி."

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். முக்காடு நழுவி நழுவி விழுந்தது. சரிசெய்ய ஒரு கைகூட மிச்சமில்லை. சொந்த உம்மா மவுத்தான நாளில் மனசுக்குள் இப்படி ஒரு துள்ளல் வரலாமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வளைவு கழிய வளைவு கழிய அது கூடிக்கொண்டே போனது. கோழிக்கூடு மலையேறுகிறது!

மேலே வீட்டு முற்றத்தில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. லுஹர் தொழுகை முடிந்து, வெள்ளைக் கஃபன் துணி சுற்றிய உம்மாவை உள்ளே சந்தூக்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மகள் வருவாள் என்று முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். கைரியாவின் அண்ணன் முஹைதீன் நானா வேலியோரம் நின்று கீழே பாதையைப் பார்த்தார். கார் தெரிந்தது. ஆனால் அதன் முகம் கீழ்நோக்கி இருந்தது.

"பாதி வழியில திரும்பிட்டாங்க" என்றார். "அந்தக் கோழிக்கூட்டுல வரும்போதே நினச்சேன். இனி இருந்து என்ன செய்ய? முகத்த மூடுங்க, தூக்குவோம்."

உம்மாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பையாதான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தானாம். "இருங்க முதலாளி. போற காரு சின்னதாகணும்ல? இது பெருசாகிக்கிட்டே வருதுங்களே."

எல்லோரும் வேலியோரம் கூடினார்கள். முகம் மூடப்படவில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் பளீல் களைத்துப்போனான். "இங்கயே நிப்பாட்டுறேன் புள்ள. இறங்கி ஓடு."

கைரியா முழந்தாளில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படலையைக் காணவில்லை. தூண் இரண்டில் ஒன்று பிடுங்கப்பட்டு வேலியோரம் கிடந்தது. வேலி ஒரு பக்கம் வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. கானுக்கு மேல் பழைய பலகை இருந்த இடத்தில் பிளந்த கித்துள் மரங்கள் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்து வாசல்படி வரை புது மண் கொட்டி மட்டமாக்கப்பட்டிருந்தது.

"நிப்பாட்டாதீங்க!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வாங்க, வாங்க! வழி ஈக்கிது!"

"எங்க வழி?"

"நான் செல்றேன், நீங்க வாங்க! வலம்... நேரா... மரத்துல ஏறுறோம், பயப்படாதீங்க... நேரா..."

கித்துள் மரங்கள் முனகின, தாங்கின. முற்றத்தில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். காரின் பின்பக்கம் வாசல்படியில் மெல்ல இடித்து நின்றது.

கைரியா சீட்டிலிருந்து நேரே படிக்கு இறங்கினாள். நிலத்தில் கால் படவேயில்லை. உள்ளே போய் உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சூடம் மணத்தது. உம்மாவின் உதட்டோரம், விட்டுக்கொடுக்காத அந்தக் கோணல் அப்படியே இருந்தது.

"வந்துட்டோம் உம்மா" என்றாள். "வாசல்படிக்கே வந்துட்டோம்." அப்புறம்தான் மனம் விட்டு அழுதாள்.

முகத்தை மூடியதும் முஹைதீன் நானா கூப்பிட்டார். உம்மாவை அடக்க வேண்டிய பள்ளிவாசல் மையவாடி பல மைல் கீழே. அதற்காகத் தோட்டத்து லொறி ஒன்று பாதையில் காத்து நின்றது. "லொறி வரைக்கும் தோள்ல கொண்டு போவோம், வாங்க."

"லொறி வேணாம் நானா" என்றாள் கைரியா வாசலிலிருந்து. "உம்மா கார்ல போவாங்க."

"அந்தக் கூட்டுலயா? அவங்க உசிரோட ஈக்கக்குள்ளயே ஏறமாட்டேன் எண்டாங்க. இப்ப ஏத்துறதா?"

கைரியா கித்துள் மரங்களின் பக்கம் கையை நீட்டினாள். கறுப்பையாதான் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"முதலாளி, நீங்க கோவிக்கக் கூடாது. அந்த வழி போன கிழம நான் போட்டதுங்க. நீங்க கொழும்புக்குப் போயிருந்தீங்க. ஒரு காரு அகலம் எவ்வளவுடான்னு கடையம்மா கேட்டாங்க. எனக்கு என்னங்க தெரியும்? தொர காரு நிக்கையில கவுத்தால அளந்துட்டு வந்தேன். மருமகன்கிட்ட சொல்லிராத, வந்து வாசல்ல நின்னு முழிக்கட்டும்னாங்க. சிரிச்சாங்க." அவன் நிறுத்தி, மறுபடி சொன்னான்: "சீட்டுல கோழி வாட போயிருச்சான்னுதான் கடைசியாக் கேட்டாங்க."

பளீல் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முஹைதீன் நானா வேலியைப் பார்த்தார், கித்துள் மரங்களைப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் முன்பே கண்ணில் பட்டுத்தான் இருக்கும். வேலி திருத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார். சந்தூக்கின் முன்பக்கக் கைமரத்தை அவரே போய்ப் பிடித்தார்.

"தூக்குங்க. காருக்கு."

மடித்த கூரையின் மேலும் முன்சீட்டின் முதுகிலும் பொருந்த வைத்து, கயிற்றால் கட்டினார்கள். பச்சைத் துணி காற்றில் படபடத்தது. பளீல் கிரீஸ் படிந்த கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். நானாவும் மற்ற ஆண்களும் கலிமாச் சொல்லிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார்கள். இப்போது இறக்கம். கார் நேராக, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நடக்கிறவர்களின் வேகத்தில் போனது. பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

முதல் வளைவில் ஹோர்ன் ஒரு முறை ஒலித்தது. உம்மா அதைக் கேட்டால் வாத்து கத்துகிறது என்பார்.

கறுப்பையா கிடந்த தூணைத் தூக்கித் தோளில் வைத்தான். "படலைய மறுபடி நட்டுரவாங்க?"

"வேணாம்" என்றாள் கைரியா. "கார் திரும்பி வரணும்."

அவள் கான்வரை நடந்து போனாள். சக்கரம் ஏறியதில் ஒரு கித்துள் மரம் சற்று விலகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அதைத் தள்ளி மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.