வியாழக்கிழமை என்று சொன்னேன்

எங்கள் சிறையில் ஒரு விதி உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளைக் கைதியிடம் சொல்லக்கூடாது. சொன்னால் ஆள் வைத்துத் தப்பித்துவிடுவாளாம். நிறைமாத வயிற்றோடு மதில் ஏறிக் குதிப்பவளை இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் நான் பார்த்ததில்லை. விதி போட்டவர் பார்த்திருப்பார் போல.

அவள் தையல் பிரிவில் இருந்தவள். எல்லாருக்கும் 'டெய்லர்'. தலைப்பிள்ளை, குறுக்கே கிடந்தது. ஆபரேஷன்தான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். வயிற்றில் டேப் வைத்து அளக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி.

"என்னைக்கு சிஸ்டர்? அம்மா ஆஸ்பத்திரி வாசல்லயாவது நிக்கட்டும். அங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும், நான் பயப்பட மாட்டேன்."

"வியாழக்கிழமை" என்றேன். நுணலும் தன் வாயால் கெடுமாம். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

சிறை போனை ஒட்டுக்கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் போனில் அம்மாவிடம் சொன்னாள். மறுநாளே ஜெயிலர் அவளைக் கூப்பிட்டு, யார் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மேடம். நான் டெய்லர். அளவு பாத்தா எனக்கே தெரியாதா?"

அதே அறையில் அவளுடைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எனக்கென்று யாருமில்லை. இந்த வேலையும் போனால் பேசக்கூட ஆள் இருக்காது.

வியாழக்கிழமை காலை வேன் வலப்பக்கம் திரும்பாமல் நேரே போனது. ஆஸ்பத்திரியையே மாற்றிவிட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அவள் கம்பி வலையில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெண் குழந்தை. தப்பிக்கத் திட்டமிட்டவள் என்று எழுதிவிட்டதால் அவள் இடது கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டிருந்தார்கள்.

"கழட்டுங்கம்மா! இப்பதான் வயித்தக் கிழிச்சிருக்கு, எங்க ஓடப்போறா?" என்று காவலுக்கு வந்தவளிடம் கத்தினேன்.

"எங்கிட்ட கத்தி என்ன சிஸ்டர்? மேலிடத்து உத்தரவு."

ஒற்றைக் கையால் அவளால் பிள்ளையை அணைக்க முடியவில்லை. நான்தான் அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா அங்கயே நின்னுட்டிருப்பாங்க சிஸ்டர்" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை.

டூட்டி முடிந்ததும் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் பிளாஸ்கும் துணிப்பையுமாக ஒரு அம்மாள். மகளுக்கு இருக்கிற அதே நெற்றி. சிறை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டேன். பேத்தி பிறந்ததைச் சொன்னேன். வேறு இடத்தில், பார்க்க விடமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அழுது முடித்து, துவைத்து மடித்த பழைய துணிகளை என் கையில் கொடுத்தார்.

"யாரோ ஒரு புண்ணியவதி அவகிட்ட தேதிய சொல்லியிருக்காங்க. யாருடின்னு கேட்டேன், அப்புறமா சொல்றேம்மான்னுட்டா. அவங்க நல்லா இருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிடுங்கம்மா."

"சொல்றேம்மா" என்றேன்.