பதினொன்றே காலுக்கு ஒரு மிஸ்டு கால்

ஆரோக்கியராஜின் மிஸ்டு கால் காலை பதினொன்றே காலுக்கு வரும். பனியன் கம்பெனிகளில் டீ நேரம் அது. இரண்டு முறை அடித்துக் கட்டாகிவிடும். உயிரோடு இருக்கிறேன், மாத்திரை போட்டுவிட்டேன் என்று அர்த்தம். மாலை ஆறு மணி டீக்கு இன்னொன்று. நான் எடுக்கக் கூடாது. எங்களுக்குள் ஒப்பந்தம் இவ்வளவுதான்.

நான் மாவட்ட மனநலக் குழுவில் உளவியலாளர். அவர் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர்; சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் முகாமுக்கு வந்து, செத்துப்போகலாம் என்று தோன்றுவதை, துணியில் இருக்கும் குறையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். தினமும் போனில் பேசச் சொன்னேன்.

"பேச்செல்லாம் வேண்டாம் மேடம். என் போன்ல காதுல வச்சா கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். சுத்தி பயலுவ நிப்பானுவ. ரெண்டு ரிங் விடுதேன். எடுத்திராதீங்க."

இருபது நாள், நாற்பது அழைப்பு. நோட்டில் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன். நாற்பதாவதை எடுத்துவிட்டேன்.

நேற்று மாலை நடந்தது அது. வேறொரு வீட்டிலிருந்து வரவேண்டிய அவசர அழைப்புக்குக் காத்திருந்தேன். அடித்ததும் எடுத்துவிட்டு, அப்புறம்தான் பெயரைப் பார்த்தேன். அப்போதாவது வைத்திருக்கலாம். எடுத்தாயிற்று, இரண்டு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தொழில் புத்தி. "ஆரோக்கியராஜ், மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? தப்பான நினைப்பு ஏதும் வருதா?"

அவர் போன் ஸ்பீக்கரில் இருந்தது; சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். "லேய், என்ன மாத்திரடே?" என்று ஒரு குரல். கட்டாகிவிட்டது.

இன்று புதன்கிழமை, பல்லடம் பக்கம் முகாம். பதினொன்றே கால் ஆயிற்று. பதினொன்று இருபத்தைந்து. நானே கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். எதிரே ஓர் அம்மா, தன் மகன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் படிவத்தின் ஒரே கட்டத்தில் இரண்டு தடவை எழுதியிருந்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜீப் ஓட்டுபவர் செங்கோட்டையன். "ஏனுங்க மேடம், ஆரு தொரத்தறாங்க? மெதுவா ஏறுங்க."

கேஸ் ஃபைலில் இருந்த கம்பெனிக்குப் போனோம். வாட்ச்மேன் கையை விரித்தார். "அந்தக் காண்ட்ராக்ட் ஆளுங்க போன வாரமே கெளம்பிட்டாங்களே. எங்க போனாங்கன்னு நாங்க என்னத்தங்க கண்டோம்?"

இங்கே டெய்லர்கள் காண்ட்ராக்டர் பின்னால் கும்பலாகக் கம்பெனி மாறுவார்கள். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அது எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று வாராவாரம் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து அவர் அறை. வரிசையாகப் பத்து அறைகள் உள்ள லைன் வீடு. இரண்டு தெரு முன்னாலேயே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அதன் பக்கவாட்டில் 'மனநலத் திட்டம்' என்று முழ நீளத்துக்கு எழுதியிருக்கும்.

"அதுஞ் செரிதானுங்க. இந்த வண்டி ஊட்டு முன்னால நின்னா, பொண்ணு பாக்க வந்தவன்கூடத் திரும்பிப் போயிருவான்" என்றார் செங்கோட்டையன்.

அறை பூட்டியிருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து அறை வாசலில், குழந்தைகளுக்கான பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் என்ற பெண்மணி தலை நிமிர்ந்தார்.

"யாரத் தேடுதீக?"

"ஆரோக்கியராஜ். தெரிஞ்சவங்கதான்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "நேத்து போன்ல மாத்திர கேட்ட டாக்டரம்மா நீங்கதானா?"

தலையாட்டினேன்.

"லைன் பூரா பேச்சு. 'டாக்டரம்மா மாப்ள, டாக்டரம்மா மாப்ள'ன்னு பயலுவ ஒரே கேலி. காலைல போன அணைச்சு எங்கிட்டக் குடுத்துட்டு, 'நீங்களே வச்சிக்கிடுங்கக்கா, இனி வேண்டாம்'னுட்டுப் போனான்."

"இனி வேண்டாம்னா?"

"போனுதான் வேண்டாம்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, வேற ஏதும் இருக்கா?"

கையில் இருக்கும் பொருளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது தற்கொலை எண்ணத்தின் அறிகுறி என்று கிராமச் செவிலியர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். புதுக் கம்பெனி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு சந்தில் அந்தக் கம்பெனி. இங்கும் ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். எதிரே டீக்கடை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கேட் திறந்து கூட்டம் வந்தது. முகம் முகமாகத் தேடினேன். வந்தவர்களில் அவர் இல்லை. கூட்டம் மெலிந்தது. அப்போதும் இல்லை. செங்கோட்டையன் என் டீயையும் சேர்த்து இரண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில், தனியாக வந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார். பார்க்காததுபோலக் கடந்து டீக்கடைக்குப் போனார். "மாப்ள, இன்னிக்கு ஊசியா மாத்திரையா?" என்று எவனோ கத்தினான். கூப்பிட வாய் திறந்தது, கையால் பொத்திக்கொண்டேன். அவர் டீ சொன்னார். டீ மாஸ்டரிடம் போனைக் கேட்டு வாங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி எண்களை அழுத்தினார்.

என் போன் அடித்தது. என் எண் அவருக்கு மனப்பாடம்.

"எடுங்க மேடம்" என்றார் செங்கோட்டையன்.

"கூடாதுங்க."

இரண்டு. மூன்று. கட்டாகவில்லை. நான்கு. அவர் முதுகு அசையவில்லை. ஐந்தாவதில் எடுத்தேன். ஒன்றும் பேசவில்லை.

"மேடம், எம்பக்கம் பாக்காதீங்க."

"பாக்கல."

"நேத்து ராத்திரியும் போடல, இன்னைக்கும் போடல. மிச்ச மாத்திர அம்புட்டும் சட்டப்பையில வச்சிருக்கேன். எங்கிட்ட இருந்து வாங்கிக்கிடுங்க." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "வண்டி எங்க நிக்கி?"

"ரெண்டு தெரு தள்ளி, பெட்ரோல் பங்குகிட்ட."

"முன்னால போங்க. வாறேன்."

நடந்தேன். தெரு நிறையச் சாப்பாட்டு நேரத்துக் காலடிகள். எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஜீப்பில் ஏறிக் கதவைத் திறந்தே வைத்தேன். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாதீங்க மேடம்" என்றார் செங்கோட்டையன், கண்ணாடியைப் பார்த்தபடி. "வர்றாருங்க. டீயக் குடிக்காமயே வர்றாரு."