சூப்பு ஆறுவதற்குள் சொன்ன ஆமென்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் "செய்வீர்களா?" என்று கேட்பதில்லை. முதலில் பெயரை எழுதிவிடுகிறார்கள். அப்புறம் நன்றி சொல்லிவிடுகிறார்கள். நன்றி சொன்ன வாயிடம் போய் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிடரியைப் பிடித்துத் தள்ளினாலாவது திரும்பி நாலு வார்த்தை திட்டலாம். இது ஆட்டுக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போகிற வேலை.

நான் நாற்பத்தாறு வருஷம் குழாய் வேலை பார்த்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மனைவி போன பிறகு தனியாக இருந்தேன். குளியலறையில் ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். அதைச் சாக்காக வைத்து மகள் என்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். "கால் கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான்ப்பா" என்றாள். கட்டுப் பிரித்துப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் திறக்காது. பெயிண்ட் அடித்தவன் கதவையும் சட்டத்தையும் சேர்த்தே பூசிவிட்டான். கத்தியால் கீறித் திறக்கலாம் என்று போனால், "குளிர் உள்ள வரும்ப்பா" என்று கத்தியை வாங்கி வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சமையலறையிலிருந்து "எங்கப்பா?" திரும்பி வந்தால் "எங்கப்பா போனீங்க?" நடுவில் நான் போனது தெருமுனை வரைக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் என் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று மூன்று வாரம் முன்பே சொல்லி, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான். சண்டைக்கு வராத அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும்.

"ஞாயித்துக்கிழம சபையில நன்றி விழா இருக்கு. அத மட்டும் முடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

இலை உதிர்கிற காலத்தில் இவர்கள் சபையில் வருஷாவருஷம் நடக்கிற விழா அது. மொத்தம் நாற்பது பேர் இருக்கிற சபை. ஒருவர் தும்மினால் நாற்பது பேருக்கும் தெரியும். அவரவர் தோட்டத்தில் விளைந்த பூசணி, ஆப்பிள், கிழங்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து பீடத்தின் படிகளில் அடுக்குவார்கள். ஆராதனை முடிந்து பக்கத்துக் கூடத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. கூடத்து வாசலில் தொண்டு செய்கிறவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. இலை வாருகிற இடத்தில் என் பெயர். நாற்காலி போடுகிற இடத்தில் என் பெயர். குழாய் பார்க்கிற இடத்திலும் என் பெயர்தான். மூன்றும் மகள் கையெழுத்து.

போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று மூன்றையும் செய்தேன். சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது போதகர் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷர் மாதிரிதான் சிரிப்பார். அதுதான் எனக்குப் பிடிக்காது.

"ஐயா, ஒரு நிமிஷம். வெந்நீர்க் கொதிகலனக் காட்டுறேன்."

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி போன மாதம் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். கொதிகலன் அறையில் எந்தத் திருகு எதற்கு, எப்போது தட்ட வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார். நாளைக்கு பஸ் ஏறப்போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் திருகைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. ஒழுகின இடத்தை இறுக்கிவிட்டு வந்தேன்.

பந்தி உட்கார்ந்தது. சூப்பு ஆவி பறந்தது. போதகர் எழுந்து ஜெபத்தை ஆரம்பித்தார். மழைக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, பூசணிக்கு நன்றி. ஒவ்வொன்றுக்கும் என் பக்கத்தில் இருந்த பாடகர், ஊரே "கணீர்" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஆள், மேஜை அதிர "ஆமென்!" என்றார். அவர் பின்னால் எல்லாரும் சொன்னோம். கண்ணை மூடியிருந்தேன். மூக்கு மட்டும் சூப்பிடம் இருந்தது.

"தகப்பனே, ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டு, இந்த ஆலயத்தைக் காக்கும்படி எங்கள் மூத்த சகோதரனின் இருதயத்தை ஏவினீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

"ஆமென்!"

நானும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் யார் அந்த மூத்த சகோதரன் என்று யோசித்தேன். கண்ணைத் திறந்தால், எதிரே என் மகள் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், தூங்குகிற மாதிரி நடிக்கிற பிள்ளை போல.

ஜெபத்துக்கு நடுவில் நிறுத்துய்யா என்று சொல்ல முடியுமா? முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து எழுந்தேன்.

"நான் யார்கிட்டயும் ஒத்துக்கல. நாளைக்கு ஊருக்குப் போறேன்."

கூடமே சிரித்தது.

"பெரியவருக்குக் குசும்பு ஜாஸ்திப்பா!" என்று கணீர் என் முதுகில் ஒன்று போட்டார்.

"எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து வந்து விழுந்தது. நான் சொல்ல வாய் திறக்கத் திறக்க அவர்கள் ஊற்றிய சூப்புதான் கூடியது.

மகள் சமையலறைக்கு நழுவினாள். பின்னாலேயே போனேன்.

"நீதான் சொன்னியா?"

"நான்தான் ஜெபம் பண்ணச் சொன்னேன்." முழங்கை வரை சோப்பு நுரை. "விசுவாசத்தோட கேக்கறவங்க, கிடைச்சிடுச்சுன்னு முன்னாடியே நன்றி சொல்லிடணும்ப்பா. அப்படித்தான் கிடைக்கும்."

"நான் என்ன மழையா, மேலேருந்து கொட்ட?"

"அன்னைக்கு ரெண்டு மணி நேரம் குளியலறைத் தரையில கிடந்தீங்க. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்கலன்னா?"

"ஒன்றரை மணி நேரம்."

"நீங்களும் ஆமென் சொன்னீங்க. நான் கேட்டேன்."

"பசியில சொன்னேன்."

"கடவுள்கிட்ட சொன்னது சொன்னதுதான்."

"கோவம்னா என் வீட்டுக்கு வந்து கேக்கட்டும். அவருக்கு விலாசம் தெரியாதா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. கை ஈரமாக இருந்ததால் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பயம் பொய்யில்லை, எனக்குத் தெரியும். ஆனால் பயம் அவளுக்கு, பூட்டு எனக்கா?

போதகர் எட்டிப் பார்த்தார். "ஐயா, இந்த ஒரு குளிர்காலம் மட்டும்..."

"முதல்ல கால் கட்டுப் பிரிக்கிற வரைக்கும்னு சொன்னாங்க தம்பி. அந்த 'வரைக்கும்' இன்னும் முடியல."

சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தேன். என் குளிர் கோட்டைத் தேடினால் நாற்பது கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் கோலூன்றி நின்ற அம்மா, "அடுத்த ஞாயிறு சீக்கிரமே திறந்துடுவீங்கல்ல?" என்றாள்.

"திறக்க மாட்டேன். நான் இருக்க மாட்டேன்."

"சரி, எட்டு மணிக்கே வந்துடறேன்" என்றாள்.

உள்ளே பாட்டு ஆரம்பித்தது, கணீர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. "அப்பா!" என்று மகள் கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஏதாவது பஸ் இருக்கும், பெட்டியை எடுத்துக்கொண்டு அதிலேயே கிளம்பிவிடலாம் என்று நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் கால் வலிக்க ஆரம்பித்தது. அது மேடு. மேட்டில் ஏறினால் யாருக்கும் வலிக்கும்.